‘நில்லு’ என்று பெயர் வைத்தவளுக்கு

இன்று காலை கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் நீ வந்து நின்றாய். “இதுக்கு மேல போக மாட்டேன். கோப்பு பாதியில முடியுது. முழுசா எடுத்துட்டு வா.” ஆங்கில எழுத்தில் உன் தமிழ், அச்சு அசல் நீ பேசுவது மாதிரியே. மில்லுக்குப் போக வேண்டிய போர்டின் கோப்பை யாரோ அவசரமாக நகலெடுத்து, முடியும் முன்பே பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதைப் படிக்கிற டூல், நீ எழுதி வைத்த வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, அவிய திட்டுதாகளா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிப்பாவி, புரோகிராமுக்கு இவ்வளவு வாய் வைத்தாயே, உனக்கு வைத்துக்கொள்ளவில்லையே என்று வயிறு எரிந்தது. டீ ஆறும் வரை அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நீ ராஜபாளையத்துக்காரி, நடந்தே வந்துவிடுவாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து சேருவேன். கீழ்த்தளத்தில் மில் இயந்திரங்களுக்கான கண்ட்ரோல் போர்டுகளுக்கு ஈயம் வைப்பார்கள், அந்தப் புகை முழுக்க மாடியில் இருக்கும் நமக்கு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு விவரக் கோப்பு உண்டு. மோட்டார் எந்த முகவரியில் இருக்கிறது, சூடு பார்க்கும் சென்சார் எங்கே மாட்டியிருக்கிறது என்று போர்டுக்கே எடுத்துச் சொல்லும் கோப்பு. அதைப் படிக்க ஒரு டூல், திருத்த ஒரு டூல், இரண்டை வைத்து ஒப்பிட இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைவேலை. கோப்பைத் திறக்கிற அதே வரிகளை ஆளாளுக்கு நகலெடுத்து ஒட்டி வைத்திருந்தார்கள். ஒன்றில் தப்பு தெரிந்தால் எல்லாவற்றிலும் போய்த் தேட வேண்டும்.

“இது என்னட்டி, ஒரே வளவுக்குள்ள வீட்டுக்கு வீடு கிணறு தோண்டி வச்சிருக்காக?” என்று எரிச்சல்பட்டது நீதான். அந்த எரிச்சலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சி மொழியில் எழுதிய ஒரே பொதுக் கோப்புக்குள் கொண்டுவந்தாய். கோப்பை முழுதாக வாசிக்க ஒரு ஃபங்ஷன், மெமரி கேட்டு வாங்க ஒன்று, உள்ளே கிடப்பது படிக்கக்கூடிய எழுத்தா வெறும் எண்ணா என்று பார்த்துச் சொல்ல ஒன்று. எல்லா டூலும் அங்கேதான் வந்து தண்ணீர் இறைக்க வேண்டும்.

அதில்தான் அந்த ஃபங்ஷனும் இருந்தது. தப்பைக் கண்டால் காரணத்தைச் சொல்லிவிட்டு டூலை அங்கேயே நிறுத்துவது. ஊருலகத்தில் அதற்கு ‘டை’ என்று பெயர் வைப்பார்கள், செத்துப்போ என்று. நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. “காலங்காத்தால உக்காந்து சாவு சாவுன்னு டைப் அடிக்கணுமா? நில்லுன்னு வைப்போம். நிக்கிறது வேற, சாகிறது வேற” என்றாய். அதற்கு ஒரு சட்டமும் போட்டாய். நில்லுவைக் கூப்பிடுகிறவர்கள் எந்தக் கோப்பு, எந்த இடம், என்ன கோளாறு என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். ‘ஏதோ பிழை’ என்று யாராவது எழுதினால் போச்சு. “ஏதோன்னா என்னது? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக?” என்று எழுதியதைத் திருப்பி அனுப்புவாய். நானே அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மில்லில் டூல் பாதியில் நின்று, மேனேஜர் நம் முதலாளியைப் போனில் பிடித்துக் கத்திய நாள் உனக்கு மறந்திருக்காது. முதலாளி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். “ஏம்மா, சின்னக் கோளாறுக்கெல்லாம் நிக்கணுமா? கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா உன் புரோகிராமு?”

“அனுசரிச்சுப் போனா சென்சார் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு மோட்டாரு பாட்டுக்கு ஓடும் அண்ணாச்சி. சூடு ஏறுறது யாருக்கும் தெரியாது. நின்னா சரி பண்ணித் திருப்பி ஓட்டிக்கலாம். கருகுனப் பொறவு என்ன செய்வீக?”

அவர் வந்த வழியே படியிறங்கிப் போனார். எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த வார்த்தைகளை நினைத்தால் உன்னை உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நாளிலேயே நீ திங்கட்கிழமைதோறும் வேலை முடிந்து என்னோடு பஸ் ஏற ஆரம்பித்தாய். மடவார் வளாகத்தில் இறங்கி நேராக வைத்தியநாதர் கோயிலுக்கு. பிறகு என் வீட்டில் இரண்டு தோசை. அந்தச் சாமியிடம் பிள்ளைப்பேற்றுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் வருவார்கள், நோயாளிகள் வருவார்கள். உனக்கோ வளர்ந்த மகள் இருந்தாள், பார்க்க ஆளும் கல்லுக்குண்டு. “என்னட்டி வேண்டுதல்?” என்று கேட்டேன். “சும்மாதான். காத்தாட வாரேன்” என்றாய். தோள்பையை இடது பக்கம் மாட்டுகிற நீ வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தாய். அதையும் கேட்டேன். “சுளுக்குட்டி” என்றாய். இன்னொரு நாள் முகம் வெளிறிக் கிடந்தபோது என்ன என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, வெயிலு” என்றாய். என்னை நானே குறை சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் கேட்டேன், மூஞ்சிக்கு நேராகக் கேட்டேன். நீதான் பொய் சொன்னாய்.

சாமி வைத்தியர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றாயோ அதை மதுரையில் ஒரு டாக்டரிடமும் காட்டியிருக்கலாம். அவரும் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்.

ஆபீஸில் நீ மயங்கி விழுந்து, மதுரைக்குக் கொண்டுபோன பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மார்பில் கட்டி. கைமீறி, நுரையீரல் வரை போய்விட்டது என்றார்கள். உன் வீட்டுக்காரர் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “என்கிட்டக்கூடச் சொல்லலையேம்மா” என்றார். உள்ளே வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“எப்பருந்துட்டி இருக்கு?”

“போன கோடைக்கு முந்தியே தட்டுப்பட்டுச்சு.”

“ஏன் சொல்லல?”

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். “சொன்னா எல்லாம் நின்னு போயிருமேட்டி. பாப்பாவுக்குப் பரீட்சை. அத்தைக்குக் கண் ஆப்பரேசன். நம்ம புது போர்டு வேற. இது முடியட்டும், அது முடியட்டும்னு இருந்துட்டேன்.”

நின்னு போயிருமே! யார் வாயிலிருந்து என்ன வார்த்தை. முடியாமல் கிடந்தவள் என்பதால் அன்று விட்டேன். இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியே கேட்கக் கத்தியிருப்பேன்.

நீ கண்ணை மூடிய அன்று கேதத்துக்கு வந்தவர்கள் பேசியதுதான் அதைவிடக் கொடுமை. உன் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். “ஒரு நாள் முனங்கியிருப்பாளா எம் மருமக? எம்புட்டு வலியையும் உள்ளயே வச்சுக்கிட்டா, மகராசி.” சுற்றியிருந்த பெண்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். “அம்புட்டுப் பொறுமை. இந்தக் காலத்துல யாருக்கு வரும்?” மாலை போட்டுப் படுத்திருந்தவளுக்கு மெடல் வேறு குத்திவிட்டார்கள். அங்கே பத்துப் பதினொரு வயதுப் பெண் குழந்தைகளும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். உன்னைத் தூக்கும்போது நான் இல்லை. திமிர் பிடித்தவள் என்று சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும்.

இன்று காலை விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தியை நான் முறைத்துக்கொண்டிருந்த நேரம் முதலாளி மேலே வந்தார். வெளியூர்க் கம்பெனி ஒன்று நம் டூல்களை மொத்தமாக வாங்கப் பார்க்கிறதாம். எல்லாம் பிடித்திருக்கிறது, நில்லு மட்டும் பிடிக்கவில்லையாம். “கோளாறு வந்தா சத்தம் காட்டாம பழைய கோப்புல இருக்கிறதப் போட்டு ஓட்டிரும்மா. பொதுக் கோப்புலதான இருக்கு, ஒரு இடத்துல மாத்துனா எல்லாத்துலயும் மாறிரும்ல” என்றார். நீ ஒரே இடத்தில் சேர்த்து வைத்த வசதி எதற்குப் பயன்படுகிறது, பார்.

“நான் மாத்த மாட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

“உனக்கு எதுக்கெடுத்தாலும் சண்டதான். இத எழுதுன பிள்ள இப்படியா? வாய் தொறந்து ஒரு கஷ்டம் சொல்லியிருக்குமா? எம்புட்டுப் பொறுமையான பிள்ள.”

“பொறுமையான பிள்ளதான். அந்தப் பொறுமைதான் அவளக் கொன்னுச்சு.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன். கீழே ஈயம் வைக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவர் கையிலிருந்த சாவியை உருட்டிக்கொண்டே நின்றார். “செத்த நேரம் கழிச்சுப் பேசுவோம்” என்று இறங்கிப் போனார். இன்னும் வரவில்லை. வேறு ஆளை வைத்து மாற்றினாலும் மாற்றுவார். அவர் கம்பெனி. என் கையால் நடக்காது, அவ்வளவுதான் நான் செய்ய முடிந்தது.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது நில்லுவுக்கு நீ போட்ட அந்தச் சட்டம்தான். இப்போதெல்லாம் எனக்குத் தலை வலித்தால் தெருவுக்கே தெரியும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, எப்படி என்று ஒப்பித்துவிடுகிறேன். “ஆரம்பிச்சுட்டாய்யா நில்லு” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். உன் மகள் சனிக்கிழமைகளில் வருவாள். அவள் ‘ஒண்ணுமில்ல அத்தை’ என்று ஆரம்பித்தால் தோசையைத் தட்டில் வைக்க மாட்டேன். முழுதாகச் சொன்ன பிறகுதான் சாப்பாடு. உன்னைப் போலவே முறைக்கிறாள், ஆனால் சொல்லிவிடுகிறாள்.

முதலாளி போன பிறகு கீழே இறங்கி, அந்தக் கோப்பை அவசரப்படாமல் முழுதாக நகலெடுத்து வந்து மறுபடி ஓட்டினேன். ஓடியது. நின்றது, காரணத்தைச் சொன்னது, சரிசெய்ததும் மறுபடி ஓடியது. இம்புட்டுத்தானேட்டி. இம்புட்டுத்தானே நீ செஞ்சிருக்கணும்.