பெயர் கூப்பிடாத பிரதம விருந்தினர்

மச்சான்,

இன்று அலுமாரியை ஒதுக்கும்போது அந்தப் பொன்னாடை கையில் அகப்பட்டது. உறைகூடப் பிரிக்கவில்லை, கடைவாசமும் போகவில்லை. அதை யாருக்கு வாங்கினோம், யார் போடவிடாமல் தடுத்தது என்பது உனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டி மோர்னிங்சைட் மைதானத்தில் நடந்தது. நான் செயலாளர். பிரதம விருந்தினரை நீதான் பிடித்தாய். வெக்ஸ்போர்ட்டில் நீ பராமரிப்பு வேலை செய்த மாடிக்கட்டடத்துக்கு, மகளைப் பார்க்க வந்திருந்த செக் நாட்டுக்காரர்.

"செக் நாட்டு உதைபந்து ரீமிலை கனகாலம் பின்னுக்கு நிண்டு மறிச்ச ஆள் மச்சான். அங்கை ஆக்கள் மொய்ச்சு அவரை றோட்டிலை நடக்க விடாயினமாம்" என்றாய்.

"கோல் அடிச்சவன்ரை முகமே மறந்துபோகுது. மறிச்சவன்ரை முகம் ஆருக்குத் தெரியும்?"

"நான் சொன்னால் காணாதோ?"

எனக்குக் காணவில்லை; உன் சொல் மட்டும் போதவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் படுத்தெழும்பிய காலம்தொட்டு உன்னை அறிவேன். ஆனாலும் நான் அரைக்கிலோ மீனையும் இரண்டு தரம் நிறுக்கச் சொல்பவன். அவருடைய பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி, ஒரு கிழமையாக இணையத்தில் துழாவினேன். நாட்டுக்காக ஆடியது, கழக அணிக்குத் தலைவராக ஆடியது, கடைசி ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்று அழுதது, எல்லாம் இருந்தன. ஆனால் பழைய படத்தில் இருந்தவருக்குத் தோள்வரை முடி. உன்னுடைய ஆளுக்கு மொட்டை.

எங்கள் ஆட்களில் பிரதம விருந்தினர் என்றால் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவார், அதுவும் காரில். இவரோ பஸ்ஸில், அணிகளுக்கு முன்பே வந்து, கோடு போடுகிறவர்களோடு சேர்ந்து சுண்ணாம்பு வாளி தூக்கினார். எத்தனை கோல் அடித்தீர்கள் என்று மடக்கினேன்.

"இரண்டு. ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே" என்று சிரித்தார்.

பெரிய ஆட்டக்காரன் இப்படிச் சொல்வானா? ஏமாற்றுக்காரன்தான் என்று முடிவுகட்டினேன். பரிசளிப்பில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. மேசையில் கிடந்த பொன்னாடையை என் பைக்குள் வைத்தேன். மேடைக்குக் கீழே நின்ற உன் முகம் கறுத்துப்போனது. பிறகு ஒருநாளும் நீ அதைப்பற்றிக் கதைக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று அதையும் உன் கணக்கில்தான் போட்டேன்.

போன மாதம் உன் செத்தவீட்டுக்கு, மகளிடம் மறுபடி வந்திருந்த அவரும் வந்தார். மண்டப வாசலில் நின்ற ஊழியர் ஒருவர், செக் நாட்டுப் பிராக் நகரில் பிறந்தவராம், அவரைக் கண்டதும் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டு அழுதேவிட்டார். இதுவும் அவர் ஒழுங்குபண்ணிய ஆளோ என்று அப்போதும் ஒருகணம் நினைத்தேன். என் புத்தி அப்படி.

அவர் நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே அன்றைய செயலாளர்? என் பெயர் உங்கள் வாயில் நுழையாதென்று உங்கள் நண்பர் சொன்னார். பிழையாகச் சொன்னால் எனக்கு அவமதிப்பாகிவிடுமோ என்று பயந்துதான் கூப்பிடாமல் விட்டீர்களாம். நல்ல மனம் உங்களுக்கு."

நித்திரையில் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வேனே அந்தப் பெயரை.

உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஆறுதலாக, மூன்று தரம் எனக்குச் சொல்லித்தந்தார். தெரியாதவன்போல நானும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். வெட்கத்தில் செத்தேன்.

உன்னிடம் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க இத்தனை வருடம் காத்திருந்தேன், மச்சான். கண்டுபிடித்துவிட்டேன். அதையும் நீ எனக்காகத்தான் சொல்லியிருக்கிறாய்.