மூலையில் ஊர் பெயர் இல்லாத பிரசங்கம்

பாஸ்டர் சாருக்கு,

நாலாக மடித்த மூன்று தாள்கள் என் சாப்பாட்டு மேசைமேல் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. உங்கள் மகள் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு ஆன்ட்டி" என்றாள். தாளில் இன்னும் உங்கள் யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை. முதல் தாளின் வலது மூலையில், பென்சிலால், பொடி எழுத்தில் "பீர்க்கன்கரணை, பாதி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'பாதி'யைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவள் நான். ரிட்டையர் ஆனதும் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக்கு நீங்கள் தனியாளாகக் குடிவந்த அன்றே வந்து நின்றேன். வண்டியிலிருந்து இறங்கியதில் கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, மற்றதெல்லாம் அட்டைப்பெட்டி.

"இத்தனை பெட்டியில என்ன சார்?"

"பிரசங்கம் சிஸ்டர்."

"எல்லாமேவா?"

"நாப்பது வருஷம் பேசியிருக்கேன் இல்ல?"

நாங்கள் விபூதி பூசுகிற குடும்பம். மெதடிஸ்ட் சர்ச் என்றால் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் சலிக்காமல் சொன்னீர்கள். உங்களுக்குச் சொந்த சபை என்று ஒன்று கிடையாது. சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவார்கள். ஆண்டுக் கூட்டத்தில் பிஷப் உங்கள் பெயரை வாசிக்கும்வரை எந்த ஊர் என்று மனைவிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிரசங்கத் தாளின் மூலையிலும் பேசிய ஊரைக் குறித்துவைப்பீர்கள், ஒரே சபையில் ஒரே பிரசங்கத்தை இரண்டு தடவை சொல்லிவிடக் கூடாதே என்று. அப்படியும் ஓர் ஊரில் குறிக்க மறந்து, இரண்டாம் தடவை சொல்லப்போக, முன்வரிசை அம்மா ஒருத்தர் கதையின் முடிவைச் சத்தமாகச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

பெட்டிகளை அடுக்க உதவிய ஒரு மத்தியானம், மூலை காலியாக இருந்த தாள் என் கையில் அகப்பட்டது.

"இது எந்த ஊர்ல பேசினது சார்?"

"பேசல" என்று சொல்லி, கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, காபி போடப் போய்விட்டீர்கள். நானா விடுவேன்? ஏரிக்கரையில் நடக்கிற ஒவ்வொரு காலையும் கேட்டேன். நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் நின்று சொன்னீர்கள்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சபை. அங்கே செல்வராஜ் என்று ஒருவர், திருமுடிவாக்கம் பட்டறையில் கேட், கிரில் பற்றவைக்கிறவர். ஞாயிறுதோறும் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போய்விடுவார். உங்களுக்கு அது அவமானமாகப் பட்டது. ஒருநாள் அவர் எழுந்த நேரம் பார்த்து, பெயர் சொல்லாமல், "ஆண்டவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாதவங்க இங்க வரவே வேண்டாம்" என்றீர்கள். சபையே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் அதன்பின் வரவில்லை. அந்த வாரம்தான் யாரோ சொன்னார்களாம், அவர் மனைவிக்கு வலிப்பு, அதிக நேரம் தனியாக விட முடியாது என்று.

சபை முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிற பிரசங்கம் ஒன்றை அன்றைக்கே எழுதினீர்கள், மூலை காலியாக இருந்த அந்தத் தாள்தான். பேசுவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. விட்டுவந்த சபையின் விஷயத்தில் பழைய போதகர் தலையிடக் கூடாது. புதிதாக வந்தவருக்குச் சங்கடம்.

"நல்ல வழக்கம்தான் சிஸ்டர். நான்தான் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

"சபைக்குத்தானே சார் போகக் கூடாது? அவரு வீட்டுக்குப் போகலாமே?"

விலாசம் தெரியாது என்று முனகினீர்கள். ஆளைக் கண்டுபிடிப்பது எனக்கு என்ன பெரிய வேலையா? நாலு பட்டறையில் விசாரித்ததில் பீர்க்கன்கரணை என்று தெரிந்தது. ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன்.

செல்வராஜ் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரை. "யாரு, பாஸ்டரா? இம்மா வருசம் கயிச்சு இன்னா இந்தப் பக்கம்?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. நாற்காலி போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். நீங்கள் உட்காராமல் நின்றபடியே தாளை விரித்துப் படித்தீர்கள். முதல் தாள் முடிகிற நேரம், உள்ளே ஏதோ உருண்டு விழுந்த சத்தம். அவர் சட்டென்று எழுந்து போய்விட்டார்.

நீங்கள் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "அவர் வரட்டும்" என்றீர்கள். கிளம்பலாமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன், தலையாட்டி மறுத்தீர்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னும் குந்திகினா கீறீங்க?"

"நீங்க வராம எப்படிப் படிக்கிறது?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு என் சம்சாரத்துக்கு முடியல. மீதிய இன்னொரு நாள் படிங்க பாஸ்டர்" என்றார்.

ஆட்டோவில் என்னைக் கேட்டீர்கள்: "மன்னிச்சிட்டாரா சிஸ்டர்?" எனக்குத் தெரியவில்லை. மீதியைப் படிக்கப் போவதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள், அங்கேயும் அதையே கேட்டீர்கள். ஆறுதலுக்காகவாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த இன்னொரு நாள் வருவதற்கு முன்பே போய்விட்டீர்கள். அது என்னை இந்த ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது.

அன்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு நேற்று செல்வராஜ் போன் செய்தார். "பாஸ்டர் பூட்டாராமே" என்றார். அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை. பழைய வழக்கத்தில் நானும் லைனை விடாமல் இருந்தேன்.

"பாதிலயே நிக்குதேக்கா. அன்னிக்கு என் சம்சாரம் உள்ள படுத்துகினே கேட்டுகினு இருந்துச்சாம். மீதி இன்னா எழுதிக்கீறாருன்னு டெய்லி கேக்குது. எனக்கும் கேக்கணும் போலகீது. ஞாயித்துக்கெயம நீங்க வந்து படிக்கிறீங்களா?"

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை சார். கேட்க நீங்கள் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை.

நாளைக்கு ஞாயிறு. விபூதிப் பூச்சோடு ஒரு மெதடிஸ்ட் பிரசங்கம் படிக்கப் போகிறேன். இந்தத் தெருவிலேயே பெரிய ஆராய்ச்சிக்காரி என்று பெயரெடுத்த நான், சத்தியமாக, இரண்டாவது தாளை இன்னும் புரட்டவில்லை. அவர்களோடு சேர்ந்துதான் எனக்கும் தெரிய வேண்டும். மூலையில் குறிக்க உங்கள் பென்சிலையும் எடுத்து வைத்திருக்கிறேன். நடுவில் அவர் எழுந்து போனால், வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.