ஊறுகாய் ஜாடியின் இடமாற்றம்

தாராவி
3 ஜூன் 2024

அன்புள்ள ஷாலினிக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு நேற்று எங்கள் குடும்பம் ஒரு முடிவெடுத்தது. ஊறுகாய் ஜாடி இனி மேல் அறையில் இருக்காது. கீழே அடுப்படிக்கு வரும். உன் அத்தான் ஆதரித்தார். மகன் நகுல் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் வழிமொழிந்தான். மாதவிலக்கு நெருங்கினால் எனக்கு ஆஸ்துமா ஏறிவிடுகிறது; இரும்பு ஏணியில் கால் வைக்க முடிவதில்லை.

போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். நகுலுக்குத் தமிழ் வாசிக்க வராது, உன் அத்தானுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே கடிதம்.

மாதவிலக்கை நிறுத்தினால் இழுப்பும் நிற்கும் என்று டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். மாதம் ஓர் ஊசி போட்டுச் சினைப்பையைத் தூங்கவைத்துப் பார்ப்பது, அல்லது அதை எடுத்தே விடுவது. எடுத்தால் எடுத்ததுதான் என்றும் எச்சரித்தார். நான் ஆபரேஷன் என்றேன். போன வருஷம் கட்டிக்காக உனக்கு எல்லாவற்றையும் எடுத்தபோது அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்தாள். ஊசி போட்டவளைப் பார்க்க யார் ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்கள்?

உன் அக்கா,
மாரிசெல்வி

முலுண்ட்
10 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த இரண்டு மாதமும் அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசினாள். "மாரின்னா இப்படிப் படுத்துக் கெடப்பாளாட்டி? இழுப்போட ஏணியேறி வேல பாக்கா!" எனக்குத் தையலைவிட அது வலித்தது.

ஊசி என்று ஒன்று இருப்பதாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது ஃபேனுக்கு அடியிலேயே வேர்த்து வழிகிறேன், எலும்புக்கு மாத்திரை தின்கிறேன். உனக்கு இரண்டு வழி இருக்கிறது என்பதிலும் எனக்கு எரிச்சல்தான். அம்மா வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிடு. அதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டாம்.

தங்கை,
ஷாலினி

தாராவி
26 ஆகஸ்ட்

அன்புள்ள ஷாலினிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஊசி போட்டுக்கொண்டேன், அம்மாவிடம் ஆபரேஷன் என்றேன். வந்து இறங்கியதும், "தையலைக் காட்டுட்டி" என்றாள். ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன்.

"இதுக்கா என்னைய ரயிலேத்தின? ஷாலினி உள்ளதையெல்லாம் எடுத்தும் ஒரு சத்தம் போட்டாளா?"

அன்றிலிருந்து உன் புராணம்தான். முலுண்டுக்கு எப்போது புறப்படுகிறாய் என்று அவளைக் கேட்டேன். இங்கேயே இரண்டு மாதம் இருப்பாளாம்.

அடுப்பு வெக்கையில் ஊறுகாய் கெட்டுவிடும் என்று ஜாடியை மறுபடி மேல் அறைக்கு ஏற்றிவிட்டாள். அது இல்லாமல் அவளுக்குச் சோறும் இறங்காது. இது வழக்கமாக நான் படுத்துவிடும் வாரம். மூன்று வேளையும் நான்தான் இழுப்பில்லாமல் ஏணியேறி எடுத்துத் தருகிறேன்.

உன் அக்கா,
மாரிசெல்வி