பெயருக்கு விட்ட இடம்

குவைத், 1954

அன்புள்ள நஸ்மிய்யாவுக்கு,

இறைவன் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? கூடாரம் இன்னும் ஒழுகுகிறதா? உன் அம்மாவின் கைகளுக்கு என் முத்தம்.

போன மாதம் உன் சித்தப்பா மகன் அங்கே சைதா அகதி முகாமிலிருந்து வந்தான். "பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றான். பெயரைக் கேட்டால் விழிக்கிறான், மடையன்! கேட்காமலே வந்துவிட்டான்.

இங்கேயும் நம் பலஸ்தீன ஆட்கள் யாரையும் தலைப்பிள்ளை பெயரைச் சொல்லி, இன்னாருடைய அப்பா, 'அபு' இன்னார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேஸ்திரி என்னிடம், "நீ யாரோட அப்பா? அபு என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டார். நாற்பது பேர் பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அபு சுஹைலா" என்றுவிட்டேன்.

"பொண்ணு பேரா? பையன் பொறக்கிற வரைக்கும் பொறுக்க மாட்டியோ?" என்று சிரித்தார்கள்.

"எங்க வீட்டுக்கு மூத்தவ அவதான்" என்றேன்.

இப்போது கட்டடச் சாரத்தின் மேலும் கீழும் அதே கூப்பாடுதான். வெள்ளிக்கிழமை வேலை இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. அன்றைக்கு அந்தப் பெயரை நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வேறு பெயர் வைத்திருந்தால் ரேஷன் அட்டையில் அதுவே இருக்கட்டும், மாற்றாதே. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பிடி ஸாத்தர்ப் பொடி அனுப்பு. அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு.

கடிதத்தைக் கொண்டுபோகிற லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கையெழுத்தில் இடம் விட்டிருக்கிறேன், நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு,
அபு ..........