தினம் ஒரு விமானம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் நலம்தானே? என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபால்தான் கதி. தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு எழுதுகிறேன்.

உன் இணைய விளையாட்டைப் பற்றித்தான். ஆளுக்கொரு விமான நிறுவனம் நடத்தும் அந்த விளையாட்டில் அம்மாவுக்கும் ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். ஒரே ஒரு விமானம். எங்கள் ஊரிலிருந்து உன் ஊருக்கு, தினம் ஒருமுறை. கல்யாணத்துக்குப் பிறகு நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அங்கே போனால் உன் பெயரையாவது பார்க்கலாம் என்றுதான் கற்றுக்கொண்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் ஊராருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் டிக்கெட் விலை போட்டு, எரிபொருள் நிரப்பி, விமானத்தைக் கிளப்புவதற்குள் மத்தியானமாகிவிடுகிறது. பிறகு உனக்கு "சாப்பிட்டியா" என்று ஒரு செய்தி அனுப்புவாள். நீ பதில் போடாவிட்டாலும் அன்றைக்கு முகம் தெளிந்திருக்கும்.

இனி எந்தத் தடத்திலும் தினம் இரண்டு முறையாவது பறக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று விதிக்குழு அறிவித்திருக்கிறதாம். நீதானே அதற்குத் தலைவர்? அவளால் முடியாதப்பா. அவளுக்கு மட்டும் விட்டுக்கொடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

நலம். விளையாட்டில் எங்கள் ஊர் விமான நிலையத்தில் இறங்க இடமில்லாமல் பெரிய நிறுவனங்கள் காத்துக் கிடக்கின்றன. முக்கால்வாசி காலி இருக்கையோடு ஒரு விமானம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குத்தான் இந்த விதி. அம்மாவுக்கென்று வளைத்தால் நாளைக்கு எல்லாரும் அவரவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ஏற்கெனவே மணமாகி விலகியவளைக் கட்டுகிறேன் என்று என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. பதிவு அலுவலக வாசலில் நாங்கள் வெகுநேரம் வழி பார்த்து நின்றோம். ஆயுளில் ஒருமுறை வர முடியாதவர்களுக்குத் தினம் இரண்டு முறை என்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு அம்மா வராதது தப்புதான். அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. உன் கடிதத்தை அவளிடம் காட்டாமல் விதியை மட்டும் சொன்னேன். "ரெண்டு தடவைதானே, பழகிக்கிறேன்" என்றாள்.

நேற்று இரண்டாவது விமானம் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அப்படியே ஆறிக் கிடந்தது. கொஞ்சம் இரங்குடா.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

கொஞ்ச நாளாக அம்மாவின் இரண்டாவது விமானம் ரொம்பச் சுறுசுறுப்பாகக் கிளம்புகிறது. அது இடது கை வேலை இல்லை. அவள் ஓய்ந்து படுத்தபின் நீதான் கிளப்புகிறாய். ஒருவர் நிறுவனத்தை இன்னொருவர் ஓட்டக்கூடாது என்பதும் விதிதான்.

நேற்று அந்த நிறுவனத்தை மூடிவிட்டேன். அறிவிப்பு அம்மாவின் திரையிலேயே வரும். கீழே என் பெயர் இருக்கும். பார்க்கட்டும். என் பெயரைப் பார்க்கத்தானே வந்தாள்.

தம்பி

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபம் என்று தெரிகிறது.

மூடிய கதையைப் பெருமையாகச் சொல்லப்போய் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்க அம்மா என்னை வேண்டாம்னாங்க. நீங்க அவங்களையே வேண்டாம்னுட்டீங்க. அதை எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் என் மனைவி. அதோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மத்தியானம் நான் வேலை பார்க்கும் கிடங்கில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கை தானாக போனைத் தேடுகிறது. அந்த "சாப்பிட்டியா" வருவதில்லை. இத்தனை நாளும் அதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

குழுவில் சண்டை போட்டு, உடம்புக்கு முடியாதவர்களுக்குத் தினம் ஒருமுறை போதும் என்று மாற்ற வைத்தேன். அம்மாவின் நிறுவனத்தைத் திரும்பத் திறந்துவிட்டேன். விமானம் தயாராக நிற்கிறது. அவளைப் பார்க்கச் சொல். மாதக் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் நேரிலேயே வருகிறோம். அம்மா என்ன சொல்கிறாள் என்று உடனே எழுது.

அன்புடன்,
தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

அந்த அறிவிப்பை அம்மா தானே படித்தாள். உன் பெயர் வரைக்கும் படித்தாள். கணினியை அணைத்தாள். மறுநாள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். அழவில்லை. இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். தைத்த துணிகளை ஒற்றைக் கையால் எனக்கு மடித்துத் தருகிறாள்.

உன் கடிதம் வந்ததும் நான்தான் தாங்காமல் ஓடிப்போய், நீ வரப்போகிறாய் என்றேன். மடிப்பதை நிறுத்தாமல் "யாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றாள்.

பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அன்றைய தேதி, என் பிறந்தநாள், எக்ஸ்சேஞ்சில் கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் என்று கேட்டதையெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "ஒரு பொண்ணு" என்றாள்.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போய்க் கேட்டேன். நினைவில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர்.

அக்கா