பெட்டியில ஒட்டின தவமக்கா

2004 நவம்பர் 12, வெள்ளி

கவுன்சில்காரர் றோட்டில நட்டு வைச்ச இன்டர்நெட் பெட்டியைத் திருத்த இண்டைக்குத்தான் ஒருத்தன் வந்தான். லைப்ரரியில இருந்த கொம்பியூட்டர் எல்லாத்தையும் தூக்கிப்போட்டு, மேயரைக் கூப்பிட்டு றிபன் வெட்டித் திறந்த பெட்டி. ரெண்டாம் கிழமையே செத்துப்போச்சு. பிறகு எங்கட சனம் அதின்ர திரையில மரண அறிவித்தல் ஒட்டத் தொடங்கிச்சுது. அதுக்காவது உதவிச்சுது.

பக்கத்து வீட்டுத் தவமக்கா மட்டும் லண்டன் குளிருக்குள்ள ஒவ்வொரு நாளும் போய் அதை அமத்திப் பாப்பா. லண்டனுக்குக் கூட்டியாறன் எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில விட்டிட்டுப் போன மகன் ஈமெயில் போட்டிருப்பான் எண்டு.

"அக்கா, எங்கட வீட்டுக் கொம்பியூட்டரில பாருங்கோவன்" எண்டன்.

"வேண்டாம் பிள்ளை. அவன் எழுதுறதை வாசிச்சுப்போட்டு உனக்கு முன்னால அழ ஏலாது. நாளைக்குத் திருத்துவாங்கள்" எண்டா.

போன கிழமை அவவின்ர மரண அறிவித்தலையும் அதிலதான் ஒட்டினாங்கள். மகனின்ர பேருக்குப் பக்கத்தில மொஸ்கோ எண்டு போட்டிருக்கு. அவனுக்கு இன்னும் தெரியாது.

இண்டைக்கு அந்த ஆள் எதையோ பூட்டி சுவிச்சைப் போட, பேப்பருக்குப் பின்னால வெளிச்சம் வந்தது. அறிவித்தல் படத்தில தவமக்கான்ர முகம் பளிச்செண்டு தெரிஞ்சது. அந்த ஆள் பேப்பரைச் சுரண்டுறதுக்குக் கத்தியை எடுத்தான்.

"பொறு" எண்டு தமிழிலேயே கத்திப்போட்டன்.