செல்வி அக்காவின் சோலார் பெட்டி

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. செல்வி அக்கா போன். அவருடைய உப்பளத்தில் சோலார் பம்ப் ஓடவில்லையாம். போய்ப் பார்த்தேன். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. தகராறு கண்ட்ரோலர் பெட்டியில். திரையில் சீன எழுத்து. போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தால், "விற்பனையாளரை அணுகவும்". அடப்பாவி, இதற்கா இவ்வளவு எழுத்து!

விற்றவன் கடையைப் பூட்டி மூன்று மாதம். இறக்குமதிக்கு ஏதோ புது விதி, சரக்கே வருவதில்லையாம்.

மே 13, புதன்

கம்பெனிக்கு ஏழு முறை போன். "கம்ப்ளைன்ட் போட்டிருக்கோம் சார். பெட்டியோட சீலை மட்டும் உடைச்சிடாதீங்க, வாரன்டி போயிடும்."

அக்காவின் பழைய டீசல் இன்ஜின் இருந்தால் அரை மணி நேர வேலை. புகை விடுகிறது, அதைக் கொடுத்தால்தான் சோலாருக்கு மானியம் என்று அதிகாரிகள் வாங்கிப் போய்விட்டார்கள். அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான். ஆனால் கழற்றிக் கழற்றித்தானே நாங்கள் தொழில் கற்றோம்? இதைத் தொடவே விடமாட்டேன் என்கிறான்.

வாங்க வேண்டியது: கிரீஸ், ஃபியூஸ், வீட்டில் ஜமீலாவின் தலைவலிக்குத் தைலம்.

மே 15, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து நேரே உப்பளம். பாத்தியில் தண்ணீர் சுண்டிவிட்டது. இரண்டு நாளில் புதுத் தண்ணீர் பாயாவிட்டால் உப்பு கசந்துவிடும், எவனும் வாங்கமாட்டான். வாடகை இன்ஜினுக்கு அலைந்தோம். சீசன் நேரம், ஒருத்தரிடமும் சும்மா இல்லை.

"நீ தொறடா சலீமு. உனக்குத் தெரியாததா?" என்றார் அக்கா.

அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். சீலை உடைத்தேன். உள்ளே போர்டு முழுக்கக் கருப்புப் பசை ஊற்றி இறுகிக் கிடக்கிறது. வெளியே தெரியும் ஒன்றிரண்டு சாமானிலும் நம்பரைச் சுரண்டி எடுத்திருக்கிறான். எங்கே கை வைப்பது? இருபது வருட மெக்கானிக், ஸ்பேனரோடு மரம் மாதிரி நின்றேன். அழுகையே வந்துவிட்டது.

"என்னாப்பா ஆச்சு?"

"ஒண்ணும் புரியலக்கா."

மே 18, திங்கள்

கம்பெனி ஆள் இன்றைக்குத்தான் வந்தான். சீலைப் பார்த்தான். நாலு போட்டோ எடுத்தான். "யாரு தொறந்தது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான்தான் சார். வெயிலு ஜாஸ்தி, உள்ள சூடாவுமேன்னு தொறந்து வெச்சேன்" என்றார் அக்கா.

வாரன்டி கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அக்கா பாத்தியில் குனிந்து ஒரு சிட்டிகை உப்பை வாயில் போட்டார். துப்பினார்.

"கசந்துடுச்சி. சரி, நீ போயி உன் வேலையப் பாருப்பா."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.